மருமகன் ஆடும் கல்லூரி ஃபுட்பால்: இரண்டு தோல்விக்குப் பிறகும் கான்ஃபரன்ஸ் பட்டம் கிடைக்குமா?

பஸ்காரர், சாட்ஸ்வர்த் (அக்டோபர் 5)

எல்லாருக்கும் வணக்கம். வயது 68. டர்பனில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்தவன். சாக்கரைப் பற்றி, அதாவது நம்ம கால்பந்தைப் பற்றி, நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் பேசுவேன். 1996-97ல் நம்ம டர்பன் டீம் மேனிங் ரேஞ்சர்ஸ், கார்டன் இகசுண்ட் கோச்சாக இருந்தபோது, தென்னாப்பிரிக்காவின் முதல் பி.எஸ்.எல். லீக் பட்டத்தையே தட்டிக்கொண்டு வந்தார்களே, அந்த வாரம் முழுக்க நான் தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். ஆனால் இந்த அமெரிக்க ஃபுட்பால் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தங்கச்சி மகன் போன வருஷம் அங்கே போனான். மத்திய மேற்கில், சோளக்காட்டு நடுவில் ஒரு சின்னக் கல்லூரி. மூன்றாம் டிவிஷன் என்கிறார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் கோல்கீப்பராக இருந்தவன், உதை நன்றாகப் போகும், அதனால் டீமில் கிக்கர். அவர்கள் கான்ஃபரன்ஸில் 9 கல்லூரிகள். ஆளுக்கு ஆள் ஒரு முறை, ஆக 8 ஆட்டம். அதற்கு முன்னால் வெளியாரோடு 2. மொத்தம் 10.

இதுவரை ஐந்து ஆடியாச்சு. வெளியாரோடு ஆடிய இரண்டில் ஒரு தோல்வி. கான்ஃபரன்ஸில் இரண்டு வெற்றி, நேற்று ஒரு தோல்வி, 20-21. அங்கே மதியம் ஒரு மணி, நமக்கு ராத்திரி எட்டு. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நானும் தங்கச்சியும் உட்கார்ந்தோம். புரட்டாசி சனி, மட்டன் கிடையாது, பீன்ஸ் பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் கறி. கடைசி நாலு நிமிஷத்தில் இவர்கள் பந்தோடு கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டு 20-21. அதற்கப்புறம் ஒரு பாயிண்டுக்கு உதைக்க வேண்டும், சமமாகிவிடும். மருமகன் வந்தான். பந்து இடது கம்பத்தில் பட்டது. அந்த ‘டங்’ எங்கள் சாப்பாட்டு மேசை வரைக்கும் கேட்டது. தங்கச்சி கையில் எடுத்த ரொட்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. யாரிடமும் பேசவில்லை. ஓரத்தில் ஒரு வலை கட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே போய் வரிசையாக நாலு பந்து உதைத்தான்.

ராத்திரி போனில், “மாமா, கவலைப்படாதீங்க, முதல் தோல்வி கணக்கிலேயே வராது, கான்ஃபரன்ஸ் இன்னும் கையில் இருக்கு” என்கிறான். எனக்குப் புரியவில்லை. தோற்றது தோற்றதுதானே? இது என்ன கணக்கு?

இன்னொன்று. அவனை அனுப்பும்போது இங்கே ஒரு ஏஜெண்ட், “முழு ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்” என்று சொல்லி 38,000 ரேண்ட் வாங்கினார். கல்லூரிக் கடிதத்தில் அந்த வார்த்தையே இல்லை, ‘மெரிட்’ என்று ஏதோ கொஞ்சம் கழித்திருக்கிறார்கள். நாங்கள் ஏமாந்தோமா?

பனியில் நடந்தவன், டோங்காட் (அக்டோபர் 5)

அண்ணா, நான் மினசோட்டாவில் நாலு வருஷம் படித்தேன். ஆடவில்லை, நின்று பார்த்துக் குளிரில் விறைத்ததோடு சரி.

முதலில் கணக்கு. கான்ஃபரன்ஸ் என்பது ஒரு தனி லீக் டேபிள் மாதிரி. அதற்குள் ஆடுகிற 8 ஆட்டம் மட்டும்தான் அந்த டேபிளில் ஏறும். வெளியாரோடு ஆடுவது நம்ம ஊர் சீசனுக்கு முந்தின நட்பு ஆட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக உங்கள் மருமகனுடைய கணக்கு இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. ஒரு தோல்வியோடு பட்டம் வாங்குகிற டீம்கள் நிறைய. இன்னும் ஐந்து ஆட்டம் இருக்கிறது. இப்போது முதலிடத்தில் இருப்பவனோடு இன்னும் ஆட வேண்டியிருந்தால் எல்லாம் அவர்கள் கையில்தான்.

பட்டம் வென்றால் தேசிய பிளேஆஃபுக்கு, தோற்றால் வெளியே என்கிற நாக்-அவுட்டுக்கு, நேராகச் சீட்டு. 2024லிருந்து 40 டீம் போகிறார்கள், முன்பு 32. அதன் கடைசி ஆட்டத்துக்கு ஸ்டாக் பௌல் என்று பெயர்.

மூன்றாம் டிவிஷனில் எந்த மாதிரி ஆட்கள் இருந்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறேன். காலேஜ்வில் என்ற இடத்தில், காட்டுக்கு நடுவே செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. ஜான் கலியார்டி என்று ஒரு கோச் அங்கே 1953லிருந்து 2012 வரை இருந்தார். அதற்கு முன் வேறு கல்லூரியில் வென்றதையும் சேர்த்து 489 வெற்றி. பெரிய பெரிய யுனிவர்சிட்டி கோச்சுகள் உட்பட கல்லூரி ஃபுட்பாலில் யாரும் அதைத் தொடவில்லை. பயிற்சியில் ஒருத்தனை ஒருத்தன் மோதி விழத் தள்ளக் கூடாது, விசில் கூடாது, தன்னைக் ‘கோச்’ என்று கூப்பிடவும் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மவுண்ட் யூனியன் என்ற ஒஹாயோக் கல்லூரி 55 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தது. அதை 2003 ஸ்டாக் பௌலில் நிறுத்தியது இவர் டீம்தான், 24-6.

கணக்குப்பிள்ளை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் (அக்டோபர் 6)

மேலே தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். வெளி ஆட்டம் கான்ஃபரன்ஸ் டேபிளில் ஏறாது, உண்மை. ஆனால் நட்பு ஆட்டம் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். பட்டம் வாங்காத டீம்களில் யாருக்குப் பிளேஆஃப் இடம் கொடுப்பது என்பதற்கு என்.பி.ஐ. என்று ஒரு கணிப்பொறிக் கணக்கு இருக்கிறது. அதில் வெளி ஆட்டமும் சேரும், எதிரி எவ்வளவு பலசாலி என்பதும் சேரும். முதல் சனிக்கிழமை வாங்கிய அடி அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

ஸ்காலர்ஷிப் விஷயம். ஐயா, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது என்பது விதி. படிப்புக்காகக் கொடுக்கலாம், குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கலாம், ஆட்டத்துக்காக முடியாது. அந்த ஏஜெண்ட் சொன்ன பொருள் கடையிலேயே கிடையாது. உங்கள் கடிதத்தில் ‘மெரிட்’ என்று இருப்பது நேர்மையான வார்த்தை. அது அவன் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. ஏஜெண்ட் ரசீது கொடுத்திருந்தால் எடுத்து வையுங்கள்.

கல்லூரிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பல சின்னத் தனியார் கல்லூரிகளில் மொத்த மாணவர்களே ஆயிரத்துச் சொச்சம். ஃபுட்பால் டீம் வைத்தால் நூறு பையன்கள் வருகிறார்கள், பெரும்பாலானவர்கள் கட்டணம் கட்டுகிறவர்கள். அந்த ஊர் ஜனத்தொகையில் இளைஞர்கள் குறையக் குறைய, டீமே ஒரு சேர்க்கை அலுவலகமாகிவிட்டது. மைதானத்தில் புல் நன்றாக இருக்கிறதே என்று பார்க்கும்போது யார் காசில் என்பதையும் யோசியுங்கள்.

லெனேசியா அக்கா (அக்டோபர் 6)

கணக்குப்பிள்ளை எப்போதும் மழை பெய்கிற மாதிரியே எழுதுவார், கண்டுகொள்ளாதீங்க.

பஸ்காரர் அண்ணா, பையனிடம் கேரி ஆண்டர்சனைப் பற்றிச் சொல்லுங்கள். பாரிஸில் பிறந்தார், பிரான்ஸ் இல்லை, ஃப்ரீ ஸ்டேட் பாரிஸ். வளர்ந்தது டர்பனில். அவரும் சாக்கர் உதைத்துப் பழகிய கால்தான். அமெரிக்கா போய் 23 சீசன் தொழில்முறை ஆட்டத்தில் கிக்கராக இருந்தார். 1998ல் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு ஆடியபோது சீசன் முழுக்க ஒன்றுகூடத் தவறவில்லை, ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 35க்கு 35. அப்புறம் 1999 ஜனவரியில், சூப்பர் பௌல் என்கிற இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி முன்னால் நடந்த ஆட்டத்தில், ஒன்று விலகிப் போயிற்று. டீம் அட்லாண்டாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. அதற்குப் பிறகும் ஆறு சீசன் உதைத்தார்.

பஸ்காரர், சாட்ஸ்வர்த் (அக்டோபர் 7)

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் பதிலைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டவில்லை. ரசீது இருக்கிறது, அதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்றுதான் போட்டிருக்கிறான் கெட்டிக்காரன்.

ஆண்டர்சன் எனக்குத் தெரியும். நாங்கள் அந்தக் காலத்தில் பந்து உதைத்த மைதானமும் அவர் உதைத்த மைதானமும் வேறு வேறு, நிறவெறிக் காலம் அது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால் மட்டும் ஒரே ஊர்க் கால், சரி. மருமகனிடம் சொன்னேன். கம்பத்து இடைவெளி 18 அடி 6 அங்குலம், ரக்பி கம்பமும் ஏறக்குறைய அதே அளவுதான், அதனால் அகலம் பிரச்சினை இல்லையாம். பந்தைப் பின்னால் எறிந்து, ஒருத்தன் பிடித்துத் தரையில் நிறுத்தி, இவன் உதைப்பது வரை ஒன்றேகால் வினாடிதானாம். அந்த ஒன்றேகாலில் பிடிக்கிறவன் விரல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும், கம்பத்தைப் பார்க்கக் கூடாது. அன்று கம்பத்தைப் பார்த்துவிட்டானாம்.

இன்னொன்றும் கேட்டேன், யாரும் கேட்காதது. வெளியூர் ஆட்டத்துக்கு எப்படிப் போகிறீர்கள்? பஸ்தானாம், ஒரு வழி நாலரை மணி நேரம். டிரைவர் பெயர் தெரியுமா என்றேன். தெரியவில்லை. அடுத்த முறை கேட்டு வைக்கச் சொன்னேன்.

பனியில் நடந்தவன், டோங்காட் (அக்டோபர் 7)

ஒரு எச்சரிக்கை அண்ணா. உங்கள் மருமகனைத் தோற்கடித்த டீமையும், இப்போது முதலிடத்தில் இருக்கிற டீமையும் கவனித்து வையுங்கள். மூன்று டீம் சமமாக முடிந்து, ஒருத்தனை ஒருத்தன் சுற்றி அடித்திருந்தால் பெரிய சிக்கல். சாக்கர் மாதிரி கோல் வித்தியாசம் பார்ப்பதைப் பலர் தவிர்க்கிறார்கள், பார்த்தால் பலசாலி பலவீனனைப் போட்டு மிதிப்பான். 2017ல் எங்கள் பக்கம் செயின்ட் தாமஸ், செயின்ட் ஓலஃபை 97-0 என்று அடித்தது. இரண்டு வருஷம் கழித்து மற்ற கல்லூரிகள் சேர்ந்து செயின்ட் தாமஸைக் கான்ஃபரன்ஸை விட்டே அனுப்பிவிட்டன, 1920லிருந்து உள்ளே இருந்த கல்லூரியை. அவர்கள் நேராக முதல் டிவிஷனுக்குப் போய்விட்டார்கள்.

பஸ்காரர், சாட்ஸ்வர்த் (நவம்பர் 17)

இந்த இழை இன்னும் உயிரோடு இருக்கிறதா தெரியவில்லை. முடிவைச் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டு ஓடிப்போனான் என்று யாரும் சொல்லக் கூடாது.

அந்த 20-21க்குப் பிறகு வரிசையாக நாலு வெற்றி. கடைசிச் சனிக்கிழமை, ஒரு தோல்விகூட இல்லாமல் வந்த முதலிடத்து டீமோடு. அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டதால் நமக்கு ஒன்பது மணி. புரட்டாசி எப்போதோ முடிந்தது, மட்டன் பன்னி மேசையில் இருந்தது, யாரும் தொடவில்லை. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். குளிரில் பந்து கல்லாகிவிடும், தூரம் போகாது என்று முன்னாடியே சொல்லியிருந்தான். மூன்றாம் கால்பகுதியில் 36 கெஜத்திலிருந்து ஒன்று உதைத்தான். குறுக்குக் கம்பியில் உட்கார்ந்து, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது. 17-14. அதுதான் முடிவும்.

நான் சாட்ஸ்வர்த் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

அப்புறம்தான் தெரிந்தது, டோங்காட் தம்பி சொன்ன சிக்கல் அப்படியே நடந்திருக்கிறது. இவனை 21-20ல் தோற்கடித்த டீமும் ஒரே தோல்வி, அது முதலிடத்துக்காரனிடம். மூன்று பேருக்கும் 7 வெற்றி, 1 தோல்வி. மூன்று பேரும் சாம்பியன் என்று கான்ஃபரன்ஸ் அறிவித்துவிட்டது. ஆனால் பிளேஆஃபுக்கு நேர்ச்சீட்டு ஒன்றுதான். அவர்கள் விதிப்படி இப்படிச் சுற்றிக்கொண்டால் அந்த என்.பி.ஐ. கணக்கில் யார் மேலே என்று பார்ப்பார்களாம். முதலிடத்துக்காரன் வெளியாரோடு ஆடிய இரண்டிலும் ஜெயித்தவன். இவர்கள் ஒன்றில் தோற்றவர்கள். ஞாயிறன்று பட்டியல் வந்தது, இவர்கள் பெயர் இல்லை.

கணக்கிலேயே வராது என்று எனக்குச் சொன்ன அதே முதல் தோல்வி! கணக்குப்பிள்ளை ஐயா, நீங்கள் சிரிக்கலாம்.

போனில் நான் அந்தக் கம்பத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவனே சொன்னான். “மாமா, அந்த ஒன்று போயிருந்தால் ஓவர்டைம், ஜெயித்திருப்போம் என்று சொல்ல முடியாது.” சரி என்றேன். சாம்பியன் என்று மோதிரம் கொடுப்பார்களாம், அதற்கும் அவன்தான் காசு கட்ட வேண்டுமோ என்னவோ, கேட்டுச் சொல்கிறேன் என்றான். தங்கச்சி பின்னாலிருந்து, “எவ்வளவு ஆனாலும் வாங்கிக்கோ” என்று கத்தினாள்.

டிரைவர் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறான். இருபத்தாறு வருஷமாக அதே டீமை ஓட்டுகிறாராம், ஆட்டம் முடியும் வரை பஸ்ஸிலேயே இருந்து ரேடியோவில் கேட்பாராம், உள்ளே வந்து பார்த்தால் தோற்றுவிடுவார்கள் என்று. கடைசி ஆட்டம் எங்கே நடந்தது, அவர் எங்கே இருந்தார் என்று நான் கேட்க மறந்துவிட்டேன்.