புதுப்பிப்பு: வைஃபை வேகக் குறைவு தீர்ந்தது, காரணம் ரௌட்டரை ஒட்டியிருந்த ஹார்டு டிஸ்க்

கேபிளில் 95 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வேகம் தரும் இணைய இணைப்பு, பக்கத்து அறையில் வைஃபை வழியாக 7-ஐத் தாண்டவில்லை என்று கேட்டிருந்தேன். பொறுமையாக வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் சேனலை (அதன் உட்பிரிவை) 11-க்கும், சேனல் அகலத்தை 40-இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்கும் மாற்றினேன். வேகம் 18 வரை ஏறி, மீண்டும் சரிந்தது. உண்மையில் பலன் தந்தது, ரௌட்டரைச் சுற்றியுள்ள பொருட்களை ஒவ்வொன்றாக அகற்றிப் பார்க்கச் சொன்ன யோசனைதான். ஆன்டெனாவுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் இருந்த யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றியதுமே 46 வந்தது. மறுபடி செருகினால் 9. யுஎஸ்பி 3.0 இயங்கும்போது அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடக்கூடும் என்பதை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை. டிஸ்க்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்தபின், ஒரு வாரமாக வேகம் குறையவில்லை. வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியிருந்தாலும் தப்பித்திருக்கலாம்; என் பழைய மடிக்கணினியில் அந்த வசதி இல்லை.