புரோலியோ கோட்டையின் 900 வருஷ வரலாறு: எவ்வளவு உண்மை?

கரிசல்காட்டான்:
இத்தாலியின் தஸ்கனியில், கியாந்தி ஒயின் விளையும் மலைப்பகுதியில், காயோலே ஊருக்குத் தெற்கே ஒரு குன்றின் மேல் இருக்கிறது புரோலியோ கோட்டை. 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் சொத்து என்கிறார்கள். பயணக் கட்டுரைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு "இடைக்காலக் கோட்டை" என்று எழுதுகின்றன. எனக்கு இது ஒப்பவில்லை. தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற அந்தச் செங்கல் மாளிகை 19ஆம் நூற்றாண்டு வேலை. பெத்தினோ ரிக்காசோலி, மார்க்கெத்தி என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கட்டியது. கூர்வளைவு ஜன்னல்களும் மேலே இருக்கும் மதில் பற்களும் பழைய பாணியைப் பார்த்துச் செய்தவை. அதைக் காட்டி 900 வருஷம் என்று சொல்வது தவறு.

மலைக்கோட்டை:
நண்பரே, மாளிகையைப் பார்த்தீர்கள், அதைச் சுற்றி நிற்கும் மதிலை விட்டுவிட்டீர்கள். இந்தக் குன்று பிளாரன்ஸுக்கும் சியன்னாவுக்கும் நடுவே எல்லைக் காவல். மதில் மேல் நின்றால் சியன்னா நகரமே தெரியும். அவ்வளவு பக்கத்தில் எதிரி. 1478ல் பிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தைக் கவிழ்க்கப் பாத்ஸி குடும்பம் செய்த சதிக்குப் பிறகு, போப் நான்காம் சிக்ஸ்துஸும் நேப்பிள்ஸ் அரசரும் பிளாரன்ஸ் மேல் போர் தொடுத்தபோது புரோலியோ வீழ்ந்தது. எதிரிகள் இடித்துப் போட்டார்கள். 1484 முதல் பிளாரன்ஸ் அரசு திரும்பக் கட்டியது. பீரங்கி வந்துவிட்ட காலம் அது; உயரமான, மெல்லிய சுவர் தாங்காது. அதனால் மதிலைத் தடிப்பாக எழுப்பி, மூலைகளில் கொத்தளங்களை முன்னால் தள்ளி வைத்தார்கள். இத்தாலியில் இப்படிக் கட்டிய முதல் சில கோட்டைகளில் இதுவும் ஒன்று. இதையும் 19ஆம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ப்பீர்களா?

கரிசல்காட்டான்:
சேர்க்க மாட்டேன். ஆனால் 1484 என்பது இடைக்காலத்தின் கடைசி மூச்சு. 1141ல் இருந்த கோட்டை 1478லேயே தரைமட்டம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது இடமும் குடும்பப் பெயரும்தான்.

மலைக்கோட்டை:
இடமும் பெயரும் தொடர்ந்து இருப்பதே பெரிய விஷயம் இல்லையா? போர், முற்றுகை, 1944ல் விழுந்த குண்டுகள் என்று எல்லாம் வந்து போன பிறகும் அதே குடும்பம் அதே குன்றில் இருக்கிறது. உலகப்போர் காயங்களை மாளிகைச் சுவரில் இன்றும் பார்க்கலாம், செங்கல் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்திருக்கும். அப்புறம், பெத்தினோவைச் சும்மா ஒரு பணக்காரர் என்று ஒதுக்க முடியாது. முதல் பிரதமர் கவூர் இறந்ததும் 1861ல் இத்தாலியின் இரண்டாவது பிரதமர் ஆனவர் அவர். 1872ல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்தூதியாத்திக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான் கியாந்திக்கான கலவை தெளிவாக வருகிறது: மணத்துக்கும் வீரியத்துக்கும் சாஞ்சியோவேசே என்ற கறுப்புத் திராட்சை, அதன் கரகரப்பைத் தணிக்கக் கனாயோலோ என்ற இன்னொரு கறுப்புத் திராட்சை. மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை அன்றாடம் குடிக்கும் இலேசான ஒயினுக்கு உதவும், வருஷக்கணக்கில் வைக்கிற ஒயினுக்கு அது அதிகம் தேவையில்லை என்கிறார். 1967 சட்டம் வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கி ஒயினைக் கெடுத்தது. 2006 அறுவடையிலிருந்து கியாந்தி கிளாசிக்கோவில், அதாவது பழைய கியாந்திப் பகுதியில் விளையும் ஒயினில், அது கூடாது என்றே ஆகிவிட்டது. அந்த மனிதர் சொன்னதற்கு ஊர் திரும்பி வர 130 வருஷத்துக்கு மேல் ஆனது.

வயல்வரப்பு:
இருவரும் மதிலையும் பிரபுவையும் பற்றியே பேசுகிறீர்கள். குன்றிலிருந்து கொஞ்சம் கீழே இறங்குங்கள். தஸ்கனியில் பல நூற்றாண்டுகளாக நிலம் நடந்தது பாதி வாரக் குத்தகையில். பண்ணையார் நிலமும் வீடும் தருவார். ஒரு பெரிய கூட்டுக்குடும்பம் அந்த வீட்டில் இருந்து உழுது, விளைச்சலில் சரிபாதி அளக்கும். குடும்பத் தலைவர்தான் ஒப்பந்தக்காரர். பண்ணைக் காரியஸ்தர் கணக்கு எழுதுவார், மகசூல் பொய்த்த வருஷம் கடன் ஏறும், அடுத்த வருஷத்துக்குத் தொடரும். வீட்டில் கல்யாணம் வைக்கக்கூடப் பல ஒப்பந்தங்களில் பண்ணையின் சம்மதம் வேண்டும்.

திராட்சையும் இன்று படத்தில் பார்க்கிற மாதிரி வரிசை வரிசையாக நின்றதில்லை. மேப்பிள் மரத்தை நட்டு, கிளையைக் கழித்து, அதில் கொடியை ஏற்றிவிடுவார்கள். இரண்டு வரிசைக்கு நடுவே கோதுமை. குடும்பம் முதலில் சாப்பிட வேண்டுமே! பெத்தினோ கடிதத்தில் வருகிற கலவைக்குப் பழம் வந்தது இந்தக் குடும்பங்கள் வளர்த்த கொடியிலிருந்து. மண்வெட்டி பிடித்தவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. புரோலியோவின் வரலாற்றை எழுதுகிறவர் முதலில் எடுக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

மலைக்கோட்டை:
வார முறை தஸ்கனி முழுக்க இருந்தது, தோழர். பெத்தினோ அதைக் கண்டுபிடிக்கவில்லை. கடனில் மூழ்கிய பண்ணையை இளவயதிலேயே ஏற்று நிமிர்த்தியவர். அவருக்குப் பின் வந்தவர்களும் அடிபட்டார்கள். ஒயின் நிறுவனமே வெளிநாட்டுக் கம்பெனி கைக்குப் போய், 1993ல் பிரான்செஸ்கோ ரிக்காசோலிதான் மீட்டார்.

வயல்வரப்பு:
மீட்டது நல்ல விஷயம்தான், அதற்குப் பிறகு ஒயினின் தரம் உயர்ந்ததையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடனில் மூழ்கிய பண்ணை எப்படி நிமிர்ந்தது? பாதி விளைச்சல் மேலே போனதால்தானே! 1964ல் சட்டம் வந்து புதிதாக வார ஒப்பந்தம் போடக்கூடாது என்றது, உழுகிறவர் பங்கை 58 சதவீதமாக்கியது. அதற்குள் இளைஞர்கள் ஆலை வேலைக்கு நகரம் போய்விட்டார்கள். கியாந்தியில் அவர்கள் விட்டுப்போன கல் வீடுகள் பல இன்று சுற்றுலா விடுதிகள். கரிசல் அண்ணா, உங்கள் தலைப்பிலேயே நிற்கிறேன்: 900 வருஷம் என்று எழுதுகிறவர்கள் இந்த வீடுகளையும் அந்தக் கணக்கில் சேர்த்து எழுதட்டும்.

கரிசல்காட்டான்:
சேர்க்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. மாளிகை விஷயத்தில் மட்டும் இறங்கி வர மாட்டேன். வார முறைக்குத் தனித் திரி தொடங்குங்கள், வயல்வரப்பு. 1964 சட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.