புதுப்பிப்பு: இதயத்தில் ஓட்டை, பால் குடிக்கத் திணறிய குழந்தை (காட்பாடி)

என் மகள் பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்துப் பாதியில் தூங்கிவிடுகிறாள், எடை ஏறவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இதயக் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. அப்போது நான்கு மாதம், 3.9 கிலோ. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது குடியாத்தம் அக்கா சொன்ன யோசனைதான்: பாலைப் பீய்ச்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது. டாக்டரைக் கேட்டுவிட்டே ஆரம்பித்தோம். என் அம்மா சங்கில் புகட்டினார். கடைசிச் சொட்டு வரை விழித்திருந்தாள். ஐந்து வாரத்தில் 4.6 கிலோ.

எதிர்பாராதது ஒன்று. நடுவில் இரண்டே நாளில் 250 கிராம் கூடியது. சந்தோஷப்பட்டேன். ஆனால் இமை வீங்கியிருந்தது, மூச்சும் வேகம். அது சதை இல்லை, உடம்பில் நீர் கோர்த்துக்கொண்டது. டாக்டர் மருந்தின் அளவை மாற்றிய பிறகு வடிந்தது. எடை திடீரென்று ஏறினால் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

ஆபரேஷன் அடுத்த மாதம், முதலமைச்சர் காப்பீட்டில்.