உரத்த இசைக்கு நடுவே கூச்சமுள்ள காதுகளைக் காப்பது எப்படி?

வெள்ளவத்தை வாசகி (வினா):
அனைவருக்கும் வணக்கம். சிறு வயதிலிருந்தே எனக்குக் காதுக் கூச்சம் அதிகம். ஒரு பாத்திரம் கீழே விழுந்தாலே உடம்பு பதறிவிடும். அடுத்த மாதம் என் மச்சாளின் கலியாணம் காலி வீதியிலுள்ள ஒரு மண்டபத்தில் நடக்கவிருக்கிறது. காலையில் தவிலும் நாதஸ்வரமும், மாலை வரவேற்பில் இசைக்குழுவும் உண்டு. சென்ற ஆண்டு இத்தகைய ஒரு வரவேற்புக்குப் போய் வந்த பின், மறுநாள் மதியம் வரை காதுக்குள் இரைச்சல் ஓயவில்லை. பஞ்சு வைத்தால் போதும் என்கிறார் அம்மா. பாட்டும் கேட்க வேண்டும், காதும் நோகக்கூடாது என்றால் எந்த இயர்பிளக் (காதுக்குள் செருகும் அடைப்பான்) பொருத்தமானது? பஸ் ஹோர்ன் சத்தத்துக்காக அதையே நாள் முழுவதும் அணியலாமா?

கொட்டாஞ்சேனை ஒலியமைப்பாளர்:
தங்கச்சி, பஞ்சை நம்ப வேண்டாம். அது தடுக்கும் ஒலி மிகச் சொற்பம். 85 டெசிபெல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) ஒலியை 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பதும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதும் தொழிற்சுகாதாரத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். ஸ்பீக்கருக்கு அருகில் அந்த அளவைத் தொடுவது அரிதல்ல.

மலிவான நுரை இயர்பிளக் நன்றாகவே தடுக்கும். ஆனால் கீழ்ச்சுருதியைவிட மேற்சுருதியைக் கூடுதலாக அடைப்பதால் பாடகரின் குரல் மங்கிவிடும். இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வடிகட்டி பொருத்திய வகை எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால், பாட்டு பாட்டாகவே கேட்கும். உங்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள்.

செவிப்புலன் பரிசோதகர்:
நுரை வகையை வாங்கினால், அணியும் முறையில்தான் பயன் முழுவதும் தங்கியிருக்கிறது. கையைக் கழுவிவிட்டு, அதை விரல்களால் உருட்டித் திரிபோல் மெல்லியதாக்குங்கள். வலது காதுக்கு இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரல் நுனியால் பிடித்திருங்கள். பெரும்பகுதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால், கழற்றி மீண்டும் உருட்ட வேண்டும்.

நாள் முழுவதும் அணிவதை நான் உறுதியாக மறுக்கிறேன். ஒலி குறைந்த நிலைக்குப் பழகும் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதால், சாதாரணச் சத்தமும் பின்னர் தாங்க முடியாததாகிவிடும். உங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அதேவேளை, ஒலியை உணரும் உட்செவியின் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதால், மண்டபத்தில் அணியத் தயங்க வேண்டாம். மறுநாள் வரை நீடித்த இரைச்சலை அலட்சியம் செய்யாமல், கலியாணத்துக்கு முன்பே காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டிக் கேட்டல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காதில் சீழ் வடிந்தாலோ செவிப்பறையில் துளை இருந்தாலோ, அவரைக் கேட்காமல் எதையும் செருகக்கூடாது.

பம்பலப்பிட்டி அன்ரி:
பிள்ளை, ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கெட்டிமேளம் முன்னறிவிப்பின்றி எழும். அந்நேரம் மணமக்களை வாழ்த்தித் தூவும் அறுகரிசி கையில் இருப்பதால் காதைப் பொத்த முடியாது. ஐயர் தாலியைச் சபையோரிடம் காட்டி ஆசி பெறக் கொண்டுவரும்போதே இரண்டு காதிலும் இயர்பிளக்கைப் போட்டுவிடுங்கள். தலைமயிரைச் சற்றுத் தாழ்த்தி வாரினால் வெளியே தெரியாது.