அலெக்சாண்டர் டிராக்மா: 190 யூரோ நியாயமா?

கேள்வி:
வணக்கம். அலெக்சாண்டர் பெயரில் வந்த வெள்ளி டிராக்மா (பண்டைய கிரேக்க நாணயம்) ஒன்றுக்கு வியாபாரி 190 யூரோ கேட்கிறார். எடை 4.12 கிராம். முன்பக்கம் சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ், பின்பக்கம் கழுகோடு அமர்ந்த ஜீயஸ். "ஆயுட்கால வெளியீடு", அதாவது அலெக்சாண்டர் உயிரோடிருந்தபோதே அடித்தது என்று எழுதியிருக்கிறார். பழைய ஏலப் பதிவுகளில் இதே வகை 60 முதல் 300 யூரோ வரை போயிருக்கிறது. எதை நம்பி விலை பேசுவது?

பதில் 1:
60க்குப் போனதையும் 300க்குப் போனதையும் ஒதுக்கிவிடுங்கள். ஒன்று தேய்ந்ததாகவோ கீறல் விழுந்ததாகவோ இருக்கும்; மற்றது அரிய அச்சாக இருக்கும், இல்லையேல் இருவர் போட்டிபோட்டு ஏற்றியதாக இருக்கும். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் விற்றவற்றில், அதே நாணயச்சாலை, அதே அளவு தேய்மானம் உள்ள பத்துப் பன்னிரண்டை எடுத்து நடுவில் நிற்கும் தொகையைப் பாருங்கள். ஜீயஸின் தலை விளிம்புக்கு வெளியே போய்விட்டதா, ஹெராக்ளிஸின் மூக்கும் கன்னமும் மழுங்கியிருக்கிறதா என்பதைப் படம் படமாக ஒப்பிட வேண்டும். விலையில் பெரிய வித்தியாசம் வருவது அங்கேதான்.

பதிவுகளில் தெரிவது பெரும்பாலும், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் கமிஷன் சேராத தொகை. 90 யூரோவுக்கு விழுந்தது என்றால், 20 சதவீதக் கமிஷனோடு 108, தபால் செலவு 12 சேர்த்தால் 120. போலி என்று தெரிந்தால் காலவரையின்றித் திருப்பி எடுத்துக்கொள்ளும் வியாபாரிக்கு அதற்கு மேல் கால் பங்கு கொடுக்கலாம், அதாவது 150. அந்த உறுதி எழுத்தில் இல்லையென்றால் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பதில் 2:
"ஆயுட்கால" என்ற சொல்லுக்காகத்தான் விலை ஏறியிருக்கிறது என்று நினைக்கிறேன். அலெக்சாண்டர் கி.மு. 323இல் இறந்த பிறகும் லாம்ப்சாகஸ், கொலோஃபோன், மக்னீசியா போன்ற ஊர்களில் அவர் பெயரிலேயே டிராக்மா அடித்தார்கள். சந்தையில் புழங்குபவற்றில் இவை ஏராளம். ஜீயஸின் கால்களைப் பாருங்கள். குறுக்காக வைத்திருந்தால் பெரும்பாலும் மறைவுக்குப் பிந்தியது. இணையாக இருப்பதை மட்டும் வைத்து ஆயுட்காலம் என்று முடிவுகட்ட முடியாது. சிம்மாசனத்துக்குக் கீழேயும் இடப்பக்க வெளியிலும் உள்ள சின்னங்களை வைத்து அலெக்சாண்டர் நாணயங்களை வகைப்படுத்திய மார்ட்டின் பிரைஸின் 1991 பட்டியல் எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவர் ஆயுட்காலம் என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

எடையில் குறையில்லை, அட்டிக் தரத்தில் (ஏதென்ஸின் எடை அளவில்) டிராக்மா சுமார் 4.3 கிராம், புழங்கியதில் கொஞ்சம் தேயும். ஆனால் சரியான எடையில் போலியும் வார்க்கலாம். விளிம்பின் படத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்: சுற்றிலும் ஓடும் கோடு, அராவிய தடம், பரப்பில் காற்றுக் குமிழிக் குழிகள் இருந்தால் வார்ப்பு. வெள்ளி உரிந்த இடத்தில் செம்பு தெரிந்தால் உள்ளே செம்பு வைத்த பூச்சு நாணயம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கால்கள் குறுக்காகத்தான் இருக்கின்றன. விளிம்புப் படமும் பிரைஸ் எண்ணும் கேட்டிருக்கிறேன்.

பதில் 1:
அப்படியானால் மறைவுக்குப் பிந்திய டிராக்மாக்களோடு மட்டும் ஒப்பிட்டு, நடுத் தொகையை மறுபடி எடுங்கள். 150 என்பது உதாரணக் கணக்குதான். பேரம் பேச வேண்டியது புதிதாக வரும் எண்ணிலிருந்து.