விரல் ஓரங்களில் திரும்பத் திரும்ப வரும் நீர்க்கொப்புளங்கள்: யாருக்காவது அடங்கியிருக்கிறதா?

ஊசிநூல்:

வணக்கம். நான் தையல் வேலை செய்பவள். 16 வருடமாக இந்தக் கைகளை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது. மூன்று வருடமாக ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும், பக்கவாட்டில், குண்டூசித் தலை அளவுக்கு நீர்க்கொப்புளங்கள் வருகின்றன. வரப்போவது முதல் நாளே தெரிந்துவிடும். தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு, அப்புறம் எரிச்சல். மறுநாள் வெளிச்சத்தில் விரலைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே பாசிமணி கோத்ததுபோல் வரிசையாக நிற்கும்.

தானாக உடையாது. நமைச்சல் தாங்காமல் ஊசியால் குத்திவிட்டிருக்கிறேன். நீர் வடிந்ததும் ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும், பிறகு முன்னைவிட மோசம். இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து, உரிந்து, வெடிக்கும். வெடித்த விரலால் மெல்லிய துணியைத் தொட முடியாது, இழை மாட்டிக்கொள்ளும். அது ஆறுவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் போட்டால் நான்கு நாளில் அமுங்குகிறது. நிறுத்தினால் திரும்ப வருகிறது.

போன வாரம் ஒரு அம்மா தன் குழந்தைக்கு அளவெடுக்க அழைத்து வந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, "டேப்பை நானே பிடிக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. இது ஒட்டுமா? கத்தரிக்கோல், குண்டூசி இவற்றால் வருகிறதா? வேலையை விட்டுவிட வேண்டியிருக்குமா?

நெடுஞ்சாலை:

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு வந்த அதே பாம்ஃபோலிக்ஸ் போலத்தான் இருக்கிறது. கரப்பான் (எக்சிமா) என்ற தோல் அழற்சி வகையைச் சேர்ந்தது. ஒட்டாது. அந்தக் கொப்புள நீரில் கிருமி இல்லை. குழந்தையைத் தாராளமாகத் தொடலாம். ஆனால் அது இதுதானா என்று தோல் மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் கதை அப்படி.

நான் லாரி ஓட்டுகிறேன். 11 வருடமாக இது எனக்கு உண்டு. முதல் நான்கு வருடம் வியர்வையால்தான் வருகிறது என்று நம்பி, ஸ்டீயரிங்கில் துண்டு சுற்றி, கையில் பவுடர் கொட்டி என்னென்னவோ செய்தேன். 1873-இல் இதைப் பற்றி எழுதிய டில்பரி ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரும் வியர்வை அடைத்துக்கொள்வதுதான் காரணம் என்று நினைத்தவர்தான். பின்னால் தோலை நுண்ணோக்கியில் பார்த்தபோது கொப்புளங்களுக்கும் வியர்வைக் குழாய்க்கும் தொடர்பு இல்லை என்று தெரிந்தது. உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் நீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மணிமணியாக நிற்கிறது. வெக்கையிலும் மன அழுத்தத்திலும் அதிகமாகிறது என்பது உண்மை. அதற்காக வியர்வையோடு சண்டை போட்டுப் பயனில்லை.

ஐந்தாவது வருடம் பார்த்த மருத்துவர் என் கையை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ஷூவைக் கழற்றுங்கள்" என்றார். நாள் முழுக்க ஷூ போடுவதால் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தது. நான் அதை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள், பூஞ்சை. காலில் பூஞ்சை இருந்தால் உடம்பு அதை எதிர்க்கும் விதத்தில், பூஞ்சையே இல்லாத கையில் இப்படிக் கொப்புளம் வரலாமாம். காலுக்கு மருந்து போட்டு முடிக்கும்வரை கைக்கு எதைப் போட்டும் நின்றிருக்காது. எல்லோருக்கும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றிரவு உட்கார்ந்து உங்கள் கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள்.

அந்தக் களிம்பின் குழாயில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு தவறானது அல்ல, இதற்கு மருத்துவர்கள் கொடுப்பதே பெரும்பாலும் அதைத்தான். உள்ளங்கைத் தோலுக்கு வீரியமானதே வேண்டியிருக்கும். ஆனால் எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். நான்கு நாளில் மேலே அமுங்கிவிடும், உள்ளே அழற்சி அடங்கியிருக்காது. நீங்களாகவே மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும். பூஞ்சை இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு மட்டும் போட்டால் அரிப்பு குறைந்ததுபோல் காட்டி, உள்ளுக்குள் படரவிடும்.

அளவு தெரியாமல்தான் நானும் தடவிக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடாகப் பிழிந்தால் பெரியவர்களுக்குச் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு அது போதும்.

குத்துவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அரிப்பு எடுக்கும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றி வையுங்கள். எனக்கு இரவில் கைகொடுப்பது அதுதான்.

வெண்பஞ்சு:

நான் செவிலியர். ஒரு பணிநேரத்தில் கை கழுவுவதற்குக் கணக்கே இல்லை, அதனால் எனக்கும் இது வந்தது. மேலே அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: சோப்பு. கைக்கு மருந்து போடுவதில் காட்டும் கவனத்தைக் கழுவுவதிலும் காட்ட வேண்டும். வெதுவெதுப்பான நீர், வாசனை இல்லாத மென்மையான சோப்பு. மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள், அதற்கடியில் சோப்பு தங்கித் தோலை அரிக்கும். ஈரம் முழுதாகப் போவதற்குள் வாசலின் போன்ற எண்ணெய்ப்பசை உள்ள களிம்பைத் தடவுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவினாலும் அத்தனை முறை. துணியில் கறை படியும் என்று நீங்கள் யோசிப்பீர்கள் என்று தெரியும். வேலை முடிந்து படுக்கும்போது கனமாகப் போட்டு மேலே பருத்திக் கையுறை மாட்டுங்கள். பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை போட்டால் உள்ளே பருத்திக் கையுறை இருக்கட்டும். உள்ளே ஈரம் பட்டால் உடனே கழற்றிவிடுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு இருந்து, இரவில் ரொம்ப அதிகமானால் அது சிரங்காக இருக்கலாம். அது ஒட்டும், வைத்தியமும் வேறு. கொப்புளத்தில் சீழ், தேன் நிறத்தில் பொருக்கு, வலி, வீக்கம், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.

சாவிக்கொத்து:

உலோகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு நிக்கல் ஒவ்வாமை. பேட்ச் டெஸ்ட் செய்து தெரிந்தது. சிறுசிறு மருந்துப் பட்டைகளை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விடுவார்கள், நனைக்கக் கூடாது. எடுத்தபின் ஒருமுறை, இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வைக்குக் கட்டாயம் போங்கள், எனக்கு அப்போதுதான் சிவந்தது. கவரிங் நகையோ உலோகப் பட்டனோ பட்டால் எப்போதாவது தோல் அரித்திருக்கிறதா?

ஊசிநூல்:

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

கால் சுத்தமாக இருந்தது, சுரண்டிப் பார்த்ததிலும் எதுவும் இல்லை. பேட்ச் டெஸ்டில் நிக்கல் சிவந்தது. சாவிக்கொத்து கேட்டது சரிதான், சிறு வயதில் கவரிங் கம்மல் போட்டால் எனக்குக் காது புண்ணாகும். நான் அதை மறந்தே போயிருந்தேன். மருத்துவர் என் வேலைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு சாமானையும் மருந்து தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்த்தார். நிக்கல் இருந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். கத்தரிக்கோல் பிடியில் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஊசி குத்தாமல் இருக்க நடுவிரலில் மாட்டும் உலோக உறையான அங்குஸ்தானைத் துடைத்ததும் சிவந்துவிட்டது. என் மாமியார் கொடுத்தது அது, 16 வருடமும் அதைத்தான் மாட்டினேன். இப்போது பதப்படுத்திய தோலில் (லெதர்) செய்த ஒன்றை வாங்கியிருக்கிறேன். பழகவில்லை, ஊசி வழுக்குகிறது. ஆனால் வேலையை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நிக்கல் மட்டுமே காரணமாக இருக்காது, சோப்பும் வெக்கையும் சேர்ந்திருக்கும் என்றார் மருத்துவர். அது உண்மைதான். இன்று காலை சுண்டுவிரலில் நான்கு புதிதாக நிற்கின்றன. அங்குஸ்தான் படாத விரல். முன்பெல்லாம் பத்து இருபது வரும், இப்போது நான்கு. குத்தவில்லை. ஈரத்துணி சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

அந்த அம்மா திரும்ப வந்தார். ஒட்டாது என்று மருத்துவர் சொன்னதை நானே அவரிடம் சொன்னேன். இந்த முறை டேப்பை என்னிடமே கொடுத்தார்.