பொய்யர் என்று முதலில் எழுதிய வார இதழ்

குழு: வடக்குத் தெரு குடும்பம்
சனி, 18 அக்டோபர் 2025

காலை 8:10

நிலா: சித்தப்பா, ஜார்ஜ் சாண்டோஸின் தண்டனையைக் குறைத்து உடனே விடுவிக்க டிரம்ப் உத்தரவிட்டுவிட்டாராமே. உங்கள் தொகுதியின் பழைய எம்.பி. தானே அவர்?

சங்கர்: அவரேதான் நிலா. இங்கே இன்னும் வெள்ளி இரவு. ஹிக்ஸ்வில்லில் எல்லோரும் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். 87 மாதச் சிறைத் தண்டனை. ஜூலைக் கடைசியில்தான் உள்ளே போனார். மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. வயிறு எரிகிறது.

கோமதி: யார் அது? அடுப்பில் எண்ணெய் காய்கிறது. முறுக்கு பிழிந்துகொண்டே படிக்கிறேன், சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கார்த்திக்: தன்னைப் பற்றிப் பொய்யாகவே ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதி எம்.பி. ஆனவர் அம்மா. மாமா இருக்கும் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஜெயித்தார்.

சங்கர்: அக்கா, பாரூக் கல்லூரியில் பட்டம் வாங்கியதாகச் சொன்னார், அங்கே படிக்கவே இல்லை. கோல்ட்மேன் சாக்ஸ், சிட்டிகுரூப் என்ற பெரிய வங்கிகள் இரண்டிலும் வேலை பார்த்ததாகச் சொன்னார், இரண்டிலும் அப்படி ஓர் ஆள் இருந்ததற்குப் பதிவில்லை. தாய்வழித் தாத்தா பாட்டி ஹிட்லருக்குத் தப்பி ஓடிய யூதர்கள் என்றார், அவர்கள் பிரேசிலில் பிறந்தவர்கள். 2001 செப்டம்பர் 11 அன்று தன் தாய் இரட்டைக் கோபுரத்தில் இருந்தார் என்றார், அந்த அம்மையார் அன்று அமெரிக்காவிலேயே இல்லை என்று குடியேற்ற ஆவணங்கள் சொல்கின்றன.

கோமதி: பெற்ற தாயை வைத்துமா ஒருவன் பொய் சொல்வான்! அந்தக் கோபுரத்தில் உண்மையிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு எப்படி இருக்கும்?

நெல்லையப்பன்: சங்கரா, ஒன்று கேட்கிறேன். சீட்டு கொடுக்கும்முன் அவருடைய கட்சி சான்றிதழைப் பார்க்காதா? எங்கள் அலுவலகத்தில் காவலாளி வேலைக்கே மூலச் சான்றிதழ் கேட்போம். எதிர்க்கட்சி என்ன செய்துகொண்டிருந்தது?

சங்கர்: அவருடைய குடியரசுக் கட்சியில் யாரும் பார்க்கவில்லை அண்ணா. 2020-இல் நின்று தோற்றவர். 2022-இல் கட்சிக்குள்ளும் அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி அவரைப் பற்றி நீளமான ஆய்வறிக்கை ஒன்றைத் தயாரித்தது. அவர் நடத்தியதாகச் சொன்ன விலங்கு நல அமைப்பு வருமான வரித் துறைப் பதிவில் இல்லை என்பதுவரை அதில் இருந்தது. கல்லூரியும் வேலையும் பொய் என்பது மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை.

கார்த்திக்: கடைசியில் நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்துவிட்டதே மாமா.

சங்கர்: கண்டுபிடித்தது. எப்போது? 2022 டிசம்பர் 19. வாக்குப்பதிவு நவம்பர் 8. இந்த நாட்டில் எம்.பி.யைத் திரும்பப் பெற வாக்காளருக்கு வழியே கிடையாது. ஏமாந்தால் இரண்டு ஆண்டு ஏமாந்ததுதான்.

சங்கர்: அதைவிட என் மனம் ஆறாத விஷயம் வேறு. தேர்தலுக்கு முன்பே, செப்டம்பரிலேயே, எங்கள் பகுதியின் சின்ன வார இதழ் ஒன்று எழுதிவிட்டது. 'நார்த் ஷோர் லீடர்' என்று பெயர். இரண்டு ஆண்டில் இந்த மனிதரிடம் இவ்வளவு சொத்து எப்படி வந்தது என்று நேராகவே கேட்டது. அக்டோபரில் தலையங்கமும் எழுதியது. அதை நடத்துபவர் கிராண்ட் லாலி, சாண்டோஸின் அதே குடியரசுக் கட்சிக்காரர், அந்தக் கட்சியின் சார்பில் தேர்தலில் நின்றவர். அப்படிப்பட்டவரின் பத்திரிகையே 'எங்கள் கட்சி வேட்பாளரை ஆதரிக்கத்தான் ஆசை, ஆனால் இவர் கட்டுக்கதைக்காரர், போலி' என்ற பொருளில் எழுதி, எதிரணி வேட்பாளரை ஆதரித்தது.

நிலா: அதற்குப் பிறகும் யாரும் எடுத்து எழுதவில்லையா?

சங்கர்: ஒரு பெரிய பத்திரிகைகூட எடுக்கவில்லை. ஒரு தொலைக்காட்சிகூட வீட்டு வாசலுக்குப் போய் மைக்கை நீட்டவில்லை. அந்த இதழ் கேட்ட கேள்வி அந்த இதழிலேயே கிடந்தது.

நெல்லையப்பன்: சொத்துக் கணக்கில் அப்படி என்ன இருந்தது? அதைச் சொல்.

காலை 8:31

சங்கர்: வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் நிதி அறிக்கை அண்ணா. 2020-இல் வருமானம் 55,000 டாலர், சொத்து ஒன்றுமில்லை. 2022-இல் டெவோல்டர் என்ற தன் சொந்த நிறுவனத்திலிருந்து சம்பளம் 7,50,000 டாலர். அதே நிறுவனத்திலிருந்து 10 லட்சம் முதல் 50 லட்சம் டாலர்வரை லாப ஈவு. பிரேசிலின் ரியோவில் அடுக்குமாடி வீடு. எல்லாம் சேர்த்தால் சொத்து 1 கோடியே 10 லட்சம் டாலர்வரை போகிறது. அந்த நிறுவனம் ஃபுளோரிடாவில் பதிவானதே 2021-இல். இந்த அறிக்கையையும் கெடு முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் கொடுத்தார்.

நெல்லையப்பன்: இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பள்ளிப் பிள்ளைகூட நிறுத்திக் கேட்குமே.

சங்கர்: வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? லீடர் இதழில் பார்த்தார்கள். இன்னொன்றும் கேளுங்கள். அவர் தேர்தல் செலவுக் கணக்கில் 199.99 டாலர், 199.99 டாலர் என்று வரிசையாக வரும். சாப்பாடு 199.99. விடுதி அறை 199.99. வாடகைக் காரும் 199.99.

நெல்லையப்பன்: 200-க்கு மேல் போனால் ரசீது வைக்க வேண்டும் என்று விதி இருக்கும்.

சங்கர்: அதேதான் அண்ணா!

நெல்லையப்பன்: முப்பது ஆண்டு உள்ளாட்சித் தணிக்கையில் இருந்தவன். வரம்புக்கு ஒரு ரூபாய் குறைவாக வவுச்சர் வந்தால் நாங்கள் சிவப்பு மசியை எடுத்துவிடுவோம். ஒரு வவுச்சர் அப்படி இருந்தால் தற்செயல். அடுக்கடுக்காக இருந்தால் அது திட்டம். இதெல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிற கணக்குதானே?

சங்கர்: இணையத்திலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கார்த்திக்: அதைத்தான் நானும் சொல்கிறேன் மாமா. எல்லாம் இணையத்தில் இருக்கிறது, எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பிறகு உள்ளூர்ப் பத்திரிகை எதற்கு? காலம் மாறும்போது சில தொழில்கள் போகத்தான் செய்யும்.

கோமதி: கார்த்திக், மாமாவிடம் வாதாடாதே.

சங்கர்: வாதாடட்டும் அக்கா, நல்ல கேள்வி. போன் கையில் இருந்தால் எதிரே நடக்கும் சண்டையைப் படம் எடுப்பாய் கார்த்திக். நாற்பது பக்கச் செலவுக் கணக்கை வரிவரியாகப் படிப்பாயா? கல்லூரிக்கு எழுதி, பதில் வராவிட்டால் மறுபடி எழுதி, நிறுவனத்துக்குப் போன் செய்து, அவர் சொன்ன முகவரிக்கு நேரில் போய்க் கதவைத் தட்டுவாயா? மாதச் சம்பளம் கொடுத்து ஒருவரை அதற்கென்றே உட்கார வைத்தால்தான் நடக்கும். அந்தச் சம்பளம்தான் இங்கே போய்விட்டது.

சங்கர்: வரி விளம்பரத்தைக் கிரெய்க்ஸ்லிஸ்ட் இணையதளம் கொண்டுபோயிற்று, கடை விளம்பரத்தைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் கொண்டுபோயின. மிச்சம் இருந்த பத்திரிகைகளை ஆல்டன் போன்ற முதலீட்டு நிறுவனங்கள் வாங்கி, ஆள் குறைத்தே லாபம் பார்த்தன. 2005-க்குப் பிறகு இந்த நாட்டில் 3,200-க்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் மறைந்துவிட்டன என்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி கடந்த ஆண்டு கணக்குச் சொன்னது. பெரும்பாலும் வார இதழ்கள். நியூயார்க்கிலேயே பார். தெருத்தெருவாகச் செய்தி தந்த டிஎன்ஏஇன்ஃபோ தளத்தை 2017 நவம்பரில் உரிமையாளர் ஒரே நாளில் மூடினார். அடுத்த ஆண்டு ஜூலையில் டெய்லி நியூஸ் நாளிதழ் தன் செய்திப் பிரிவில் பாதிப் பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. முன்பெல்லாம் வார இதழ் ஒரு செய்தியைக் கிளப்பினால் மறுநாள் நாளிதழ் நிருபர் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்வார். அந்தப் படிக்கட்டில் நடுவில் இருந்த படிகள்தான் உடைந்து கிடக்கின்றன. கீழ்ப்படியில் இருந்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள்.

கார்த்திக்: சரி மாமா. ஆனால் இது ஒரு தனிமனிதரின் கதை. இப்படி எல்லா இடத்திலும் நடக்குமா?

சங்கர்: கலிபோர்னியாவில் பெல் என்று ஒரு சின்ன நகரம், பெரும்பாலும் கூலி வேலை செய்யும் குடும்பங்கள். நகராட்சி நிர்வாகி ராபர்ட் ரிசோ ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். அதிபரின் சம்பளமே 4 லட்சம். மன்றக் கூட்டங்களில் நிருபர் என்று ஒருவர் உட்கார்ந்து பல காலம் ஆகியிருந்தது. 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் பக்கத்து ஊர் விவகாரம் ஒன்றைத் துருவப்போய் இதில் இடறினார்கள். 2014-இல் அவருக்கு 12 ஆண்டு சிறை. அதுவரை ஊரார் வரி கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கோமதி: பாவிகள்.

நிலா: சாண்டோஸை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றினார்கள் இல்லையா?

சங்கர்: 2023 டிசம்பர் 1. 311-க்கு 114. அதற்கு முன் ஒரு முறை முயன்று தோற்றார்கள். சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை நூலிழைதான், ஒரு வாக்கை இழக்க மனமில்லை. ஏறக்குறைய ஓராண்டு எங்கள் தொகுதியின் பெயரில் அவர் உட்கார்ந்திருந்தார்.

காலை 8:52

நெல்லையப்பன்: சிறைக்குப் போனது கல்லூரிப் பொய்க்காகவா?

சங்கர்: அதற்கு இல்லை அண்ணா. மேடையில் சொல்லும் பொய்க்குச் சட்டத்தில் தண்டனை கிடையாது. நன்கொடை கொடுத்தவர்களின் கடன் அட்டை விவரத்தை வைத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரியாமலே திரும்பத் திரும்பப் பணம் எடுத்திருக்கிறார். வேலையில் இருந்துகொண்டே கொரோனா காலத்தில் வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்கியிருக்கிறார். அறிக்கையில் காட்டிய அந்த 7,50,000 சம்பளமும் பொய் என்று அரசுத் தரப்பு சொன்னது. 2024 ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நெல்லையப்பன்: அட்டையில் பணம் போனவர்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

சங்கர்: 3,73,000 டாலருக்கு மேல் இழப்பீடு கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. இன்றைய உத்தரவில் அதில் மிச்சம் இருந்ததும் போய்விட்டது.

கோமதி: கொடுத்தவன் ஏமாந்தான், எடுத்தவன் வீட்டுக்குப் போனான். இது என்ன நியாயம் தம்பி?

சங்கர்: எனக்கும் சொல்லத் தெரியவில்லை அக்கா. இதையும் நாளைக்கு யாராவது எழுத வேண்டும். பணத்தை இழந்தவர்களைத் தேடிப் போய், ஒவ்வொருவரும் எவ்வளவு இழந்தார், எவ்வளவு திரும்பி வந்தது என்று கேட்டு எழுத வேண்டும். வாஷிங்டனிலிருந்து யாரும் வந்து அதைக் கேட்கப்போவதில்லை.

நிலா: சித்தப்பா, அந்த நிதி அறிக்கைகள் எங்கே கிடைக்கும் என்றீர்கள்?

சங்கர்: பிரதிநிதிகள் சபைச் செயலரின் இணையதளத்தில். பெயரும் ஆண்டும் கொடுத்தால் போதும்.

நிலா: தேடுகிறேன். கிடைத்தால் குழுவில் போடுகிறேன்.

நெல்லையப்பன்: 2020, 2022 இரண்டையும் அனுப்பு நிலா. செலவுக் கணக்கு கிடைத்தால் அதையும். அச்சு எடுத்து வை, திரையில் எனக்குக் கண் வலிக்கும்.